உப்பில்லாத ஊரில் லூசியா

அந்தத் தண்ணீரில் தங்கம் இருக்கிறது என்று எங்கள் கருவி சொன்னது.

நாங்கள் ஐந்து பேர் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தோம். எல்லோருக்கும் வெள்ளை அங்கி, வெள்ளைத் தொப்பி, முகக்கவசம், கையுறை, காலுக்கு ஒரு நீலப் பை. யார் இயற்பியலாளர், யார் அறுவை சிகிச்சை செய்ய வந்தவர் என்று வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. மூன்று பேர் தேர்வுக் குழு. நானும் பெர்க்மான்ஸும் தூத்துக்குடியிலிருந்து கருவியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள்.

குழுவின் தலைவர் டாக்டர் வசுந்தரா திரையைப் பார்த்தார். பிறகு தண்ணீர் இருந்த குப்பியைப் பார்த்தார். அதைக் கலந்தவரே அவர்தான். மிகத் தூய நீர், அதில் துளி ஈயம், வேறு எதுவும் கிடையாது.

"தங்கம்," என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம், தமிழில் எழுதுகிறேன். "அளவும் தாராளமாகத்தான் இருக்கிறது."

எந்தக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று மற்ற இருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள், பண்பானவர்கள்.

பெர்க்மான்ஸ் மறுபடி மின்பொறி தட்டிப் பார்த்தார். மறுபடியும் தங்கம். மூன்றாம் முறை தங்கத்தோடு கொஞ்சம் வெள்ளியும் சேர்ந்துகொண்டது. அதற்கு மேல் தட்டினால் சீர்வரிசையே வந்துவிடும் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

போன வாரம் கல்லூரி ஆய்வகத்து வௌவால்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்த சாத்தான்குளம் வாசகி ஒருவர் போனில் கூப்பிட்டு, "வவ்வாலு கெடக்கட்டும். இத்தன வருசத்துல நீங்க எதையாவது கண்டுபிடிச்சியளா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கண்டுபிடித்தோம். அது எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் இந்த வாரக் கதை.

படகு மாதிரி ஒரு பெட்டி

பெர்க்மான்ஸும் நானும் ஒரே வருஷம் ஒரே கல்லூரியில் இயற்பியல் துறையில் சேர்ந்தவர்கள். நான் நாசரேத்துக்காரி, புராட்டஸ்டன்ட் சபை. அப்பா பள்ளித் தலைமையாசிரியர். எங்கள் வீட்டில் ஜெபமும் இலக்கணமும் இரண்டு வேளையும் உண்டு. பெர்க்மான்ஸ் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், கத்தோலிக்கர். அவர் அப்பா சங்கு குளிக்கப் போனவர். வயதில் கொஞ்சம் இளையவர் என்பதால் என்னை "எஸ்தரக்கா" என்பார். நான் "நீரு" போட்டுப் பேசுவேன். இந்த ஏற்பாட்டில் எங்கள் சண்டை ஓய்வு பெறும் வயது வரைக்கும் தடையில்லாமல் நடந்தது.

ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற பெயரைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஒளியை வாங்கி நிறம் நிறமாகப் பிரித்து வைக்கும் கருவி, அவ்வளவுதான். இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து மின்பொறி தட்டினால், தண்ணீரில் என்னென்ன கலந்திருக்கிறதோ அது ஒவ்வொன்றும் தன் நிறத்தில் ஒரு கோடு போடும். ஈயத்துக்கு ஒரு இடம், இரும்புக்கு ஒரு இடம். கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம்.

கடையில் விற்கும் கருவியை வாங்க வேண்டுமென்றால் கல்லூரியை விற்க வேண்டும். அதனால் பெர்க்மான்ஸ் தானே ஒன்று கட்டத் தொடங்கினார். பொறிக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் இக்னிஷன் காயில். பார்ப்பதற்குக் கணினியில் மாட்டும் சின்னக் கேமரா. வெளிச்சம் புகாத பெட்டி வேண்டுமே, அதை ஃபைபர் படகு கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்தார். அவர்களுக்குப் படகு செய்துதான் பழக்கம். பெட்டியும் முன்பக்கம் சற்றுக் கூராக வந்தது. உள்ளே கறுப்பு, வெளியே படகு நீலம்.

பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் "லூசியா" என்று எழுதியிருந்தது. கண்பார்வைக்குக் காவலான புனிதையின் பெயர்.

"பேரு எதுக்கு?" என்று கேட்டேன்.

"பேரில்லாம எப்படிக்கா எறக்க முடியும்?"

"இது கடல்ல எறங்கப் போறதில்ல, பெர்க்மான்ஸ்."

"அது நமக்குத் தெரியும். பட்டறக்காரனுக்குத் தெரியாதுல்லா. எழுதிட்டான், இருக்கட்டும்."

மந்திரித்த நாள்

கடற்கரையில் புதுப் படகு, புது எஞ்சின், புது வலை எதுவானாலும் கோயில் ஃபாதர் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளித்த பிறகுதான் தொழிலுக்கு எடுப்பார்கள். லூசியாவுக்கும் அது நடந்தது. இயற்பியல் துறைக்கு ஒரு ஃபாதர் அங்கியோடு வந்து, செபம் சொல்லி, பெட்டி மேல் தீர்த்தம் தெளித்தார். எங்கள் நாசரேத்துப் பக்கத்துச் சபையில் இந்தப் பழக்கம் கிடையாது. நான் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன்.

ஃபாதர் போனதும் முதல் பொறி தட்டினோம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் கோடு ஒன்று வந்து நடுவில் நின்றது. சோடியம். அதாவது உப்பு.

"நல்லா இருக்கு," என்றேன். "உம்ம தீர்த்தந்தான் முதல்ல தெரியுது. ஃபாதர் தெளிச்சதுல கம்பியில விழுந்திருக்கு. தொடையும்."

துடைத்தார். மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. கம்பியை மாற்றினார். இருந்தது. வாரங்கள் போயின, மாதங்கள் போயின, கோடு போகவில்லை. ஒவ்வொரு தடவையும் நான் தீர்த்தத்தைக் குற்றம் சொன்னேன். ஒருநாள் பெர்க்மான்ஸ் பொறுமை இழந்துவிட்டார்.

"எக்கா, ஒரு தடவ தெளிச்ச தண்ணி ஒரு வருசமா வத்தாம இருக்குன்னா, அதுக்கு எங்க கோயில்ல ஒரு பேரு உண்டு. நீங்களே சொல்லுதிய, நான் சொல்லல."

அதோடு நான் தீர்த்தத்தை விட்டுவிட்டேன். அவர்கள் புதுமை என்று சொல்லும் அற்புதத்தை ஒப்புக்கொள்வதைவிடக் காற்றைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

மஞ்சளோடு யுத்தம்

காற்றுதான். எங்கள் கல்லூரி ஜன்னலில் நின்றால் ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் துறைமுகத்துக் கிரேன். ஜன்னல் கீல்கள் துருப்பிடித்து வருஷத்துக்கு ஒன்று கையோடு வந்துவிடும். மத்தியானம் கடல்காற்று கிளம்பியதும் உதட்டை நக்கினால் கரிக்கும். இதில் உப்பு இல்லாத ஒரு பொறி வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஒட்டுத்தாள் ஒட்டினேன். கம்பிகளை வாலைவடி நீரில் கழுவினேன். பெர்க்மான்ஸின் கையில் வியர்வை என்று அவரை இரண்டு மாதம் கருவியைத் தொடவே விடவில்லை. யாராவது கதவைத் திறந்தால் போதும், மஞ்சள் கோடு எழுந்து நிற்கும். அதன் உயரத்தைப் பார்த்து, வெளியே கொண்டல் காற்று அடிக்கிறதா இல்லையா என்று பெர்க்மான்ஸ் சொல்லிவிடுவார். சொன்னது சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த எரிச்சலுக்குப் பெரிய பரம்பரை உண்டு. முதலில் வெயிலைப் பிரித்து அதற்குள் இருக்கும் கறுப்புக் கோடுகளை ஒழுங்காக வரைந்து வைத்தவர் ஒரு ஜெர்மன் கண்ணாடிக்காரர். அவருக்குப் பின் வந்த இரண்டு நண்பர்கள், ஒருவர் வேதியியல், ஒருவர் இயற்பியல், ஒவ்வொரு பொருளையும் தீயில் காட்டி அதனதன் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கும் இதே தொல்லைதான். எதைத் தீயில் காட்டினாலும் மஞ்சள் கோடு வந்துவிடும். பறக்கும் தூசியிலேயே உப்பு இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருந்த ஊருக்கும் கடலுக்கும் வெகுதூரம். தூத்துக்குடிக்கு வந்திருந்தால் தொழிலையே விட்டிருப்பார்கள்.

எங்களுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. பெட்டி ஃபைபர். காலையில் ஒரு அளவு, உச்சி வெயிலில் ஒரு அளவு. சூட்டில் பெட்டி விரிந்தால் கோடுகள் எல்லாம் சேர்ந்து நகரும். காலையில் ஈயம் நின்ற இடத்தில் மத்தியானம் வேறொருவர் நிற்பார். இதற்குத்தான் கேலிப்ரேஷன் என்று ஒன்று செய்வார்கள். நன்றாகத் தெரிந்த ஒரு கோட்டை முதலில் பார்த்து, அதை அடையாளக் கல்லாக வைத்து, மற்றவற்றை அங்கிருந்து அளப்பது. அதற்கென்று பாதரச விளக்கு விற்கிறது. அதை வாங்குவோம் என்றேன்.

மறுநாள் பெர்க்மான்ஸ் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வெளக்கு வேண்டாம்க்கா. நீங்க வெரட்டுதியளே, அந்த மஞ்சக் கோடு, அதையே அடையாளமா வச்சிருவோம். ஒவ்வொரு பொறியிலயும் அது இருக்கு. பெட்டி எம்புட்டு நவுந்தாலும் அதுவும் கூடவே நவுரும். மஞ்சள்ல எது பெருசா நிக்கோ அதத் தேடிப் புடி, அங்கன இருந்து அளன்னு புரோகிராம்ல எழுதிட்டேன். காத்துல சும்மா கெடக்கத எதுக்குக் கடையில வாங்கணும்?"

அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் துரத்திக்கொண்டிருந்த திருடனை அவர் பிடித்துக் காவலுக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு லூசியா ஒரு நாளும் தடுமாறியதில்லை. கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர், உடன்குடியிலிருந்து ஒரு மாணவர் கொண்டுவந்த பதநீர் வரைக்கும் எதை வைத்தாலும் சரியாகச் சொன்னது.

குண்டூர்க் கிரகணம்

மஞ்சள் கோடு பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விடக்கூடாது. பழைய காலத்தில், முழு சூரிய கிரகணம் பார்க்க ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி குண்டூருக்கு வந்து இறங்கினார். கருவியைச் சூரியனின் விளிம்பில் வைத்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு. முதலில் சோடியம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நிதானமாக அளந்தால், அது சோடியத்துக்கு மிக அருகில், ஆனால் சோடியம் இல்லை. பூமியில் அதுவரை யாரும் அறியாத ஒரு பொருள். இன்று பலூனில் அடைக்கிறோமே, ஹீலியம், அதுதான்.

வகுப்பில் இந்தக் கதையை வருஷா வருஷம் சொல்லுவேன். மஞ்சளாக இருப்பதெல்லாம் சோடியம் இல்லை என்று முடிப்பேன். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். பெர்க்மான்ஸும் நானும் எழுதிக்கொள்ளவில்லை.

மலைக்குப் போனது

பெர்க்மான்ஸ் ஓய்வு பெற வேண்டிய வருஷம் வந்தது. லூசியா இருந்த அறையை ஆங்கிலம் பேசப் பயிற்சி கொடுக்கும் மையமாக மாற்றப் போவதாகக் கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு வழிதான் இருந்தது. மலைமேல் இருக்கும் ஒரு பெரிய ஆய்வுக்கூடம் கல்லூரிகளில் செய்த கருவிகளைச் சோதித்து, நல்லதைத் தேர்ந்தெடுத்து, பல கல்லூரிகளுக்கு அதைச் செய்து கொடுக்கச் சொல்லும். அவர்கள் தேர்ந்தெடுத்தால் அறை நிலைக்கும், திட்டம் முடியும் வரை பெர்க்மான்ஸும் அதில் இருக்கலாம். இல்லையென்றால் மே மாதத்தோடு லூசியா பழைய இரும்புக்குப் போகும்.

பெர்க்மான்ஸ் முனைவர் பட்டம் வாங்கவில்லை. வாங்க வேண்டிய வருஷங்களில் பெட்டி செய்துகொண்டிருந்தார். அவரிடம் காட்டுவதற்கு வேறு எதுவும் கிடையாது. ரயிலேற்றிவிட வந்த அவர் மனைவி ரீத்தா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"எக்கா, இது மட்டும் நடக்கலன்னா இந்த மனுசன் வீட்டுல உக்காந்து என்னையப் பிரிச்சுப் பாக்க ஆரம்பிச்சிருவாரு. எப்படியாவது பாத்துக்கிடுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

லூசியாவைக் கம்பளியில் சுற்றி இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டோம். மலைப்பாதையில் பஸ் வளையும்போதெல்லாம் பெர்க்மான்ஸ் சட்டைப் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டார். உள்ளே என்ன என்று எனக்குத் தெரியும். மாதா உருவத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டி. தலையில் இருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி. நிறையத் தீர்த்தம். எந்தப் பயணத்துக்கும் அது இல்லாமல் கிளம்ப மாட்டார்.

ஆய்வுக்கூட வாசலில் உடைமைகளை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பெர்க்மான்ஸ் பர்ஸ், போன், சீப்பு எல்லாம் வைத்தார். மாதாவை அவர் உடைமையாகக் கருதவில்லை.

பிறகு அவர்களுடைய ஆள் ஒருவர் லூசியாவை அமிலம், தூய நீர், மறுபடி தூய நீர் என்று துடைத்தெடுத்தார். கம்பிகளையும் விடவில்லை. குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளை மாதிரி அது உள்ளே போனது. போய்த் தங்கம் என்றது.

உதட்டில் ஒன்றும் இல்லை

"பயணத்தில் ஏதாவது அசைந்திருக்கலாம்," என்றார் வசுந்தரா. "நாங்கள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருகிறோம். அதற்குள் பார்த்து வையுங்கள்."

இது இரக்கம். இரக்கம் காட்டத் தொடங்கிவிட்டார்கள் என்றால் முடிந்தது என்று அர்த்தம்.

அவர்கள் போனதும் பெர்க்மான்ஸ் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"லூசியா கைவிட்டுட்டாக்கா. கட்டுங்க, ஊருக்குப் போவோம்."

"சும்மா இரும். பேரு பட்டியல் வேண்டாம், கோடு எல்லாம் அப்படியே தெரியுத படத்தக் காட்டும்."

காட்டினார். மஞ்சளில் ஒரு கோடு நின்றது. நின்ற விதம் சரியில்லை. நல்ல கருவியில் சோடியம் இரட்டைக் கோடு. எங்கள் லூசியாவில் இரண்டும் ஒட்டி, தடித்த ஒற்றைக் கோடாகத் தெரியும். வருஷக்கணக்கில் அதை விரட்டியவள் நான், அதன் உடம்பு எனக்குத் தெரியும். இது ஒல்லியாக, நோயாளி மாதிரி இருந்தது.

அந்த அறையில் ஜன்னலே கிடையாது. வடிகட்டிய குளிர்காற்று ஏதோ ஒரு குழாய் வழியே வந்துகொண்டிருந்தது. முகக்கவசத்துக்குள் உதட்டை நக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வெறும் உதடு எனக்கு வாய்த்ததில்லை.

"பெர்க்மான்ஸ், இது சோடியம் இல்ல. உம்ம செம்புக் கம்பி. செம்புக்கும் மஞ்சள்ல ஒரு கோடு உண்டுல்லா. அதத்தான் லூசியா சோடியம்னு புடிச்சிருக்கா. அடையாளமே தப்பு, அதான் எல்லாம் எடம் மாறி நிக்கி."

"அப்பம் சோடியம் எங்க?"

"இங்கன இல்ல."

"இல்லன்னா?"

"இல்ல. காத்துல இல்ல, தண்ணில இல்ல, கம்பியில இல்ல. எல்லாத்தையும் தொடச்சிட்டாவ."

காற்றே இல்லாத ஊருக்கு வந்துவிட்டோம் என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். கதவுக்கு வெளியே குழுவினரின் காலடி கேட்டது. விளக்கு வாங்கக் கடைக்குப் போக முடியாது. கையுறையைக் கழற்றிக் கம்பியைத் தொடலாமென்றால் அங்கே ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தீர்த்தத்தை யாரும் தொட்டதில்லை. அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த இடத்தில் எழுந்து வெளியே போயிருப்பார்.

"சட்டப் பையில இருக்கத எடும்," என்றேன்.

"எக்கா?"

"அதுல உப்பு உண்டுல்லா?"

"ஃபாதர் உப்பு மந்திரிச்சுப் போட்டுத்தான் குடுப்பாரு. தண்ணியும் கோயில் போர் தண்ணிதான்."

கோயில் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதில் உப்பு வேறு போடுகிறார்கள் என்பது கூடுதல் தகவல்.

குழுவினர் உள்ளே வந்தபோது பெர்க்மான்ஸ் மாதாவின் கிரீடத்தைத் திருகிக்கொண்டிருந்தார். யாரையும் பார்க்காமல் சிலுவை போட்டார். கம்பி நுனியில் ஒரு சொட்டு விட்டார். அதன் மேல் வசுந்தரா கலந்த தண்ணீரை வைத்துப் பொறி தட்டினார்.

மஞ்சள் எழுந்தது. தடித்து, தாராளமாக, எங்கள் வீட்டு ஆள். திரையில் பெயர்கள் வந்தன. சோடியம். அடுத்து ஈயம். அதோடு பட்டியல் நின்றது.

பாக்கெட்டின் பின்பக்கம்

"நடுவில் என்ன விட்டீர்கள்?" என்றார் வசுந்தரா.

"ஒப்பீட்டுக் கரைசல்," என்றேன் நான்.

"ஹோலி வாட்டர்," என்றார் பெர்க்மான்ஸ்.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தன. இரண்டும் உண்மை.

வசுந்தரா சிரிக்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். காற்று, உப்பளம், ஃபைபர் பெட்டி, மஞ்சள் கோடு, செம்பு. ஊர்க் கிணற்றுத் தண்ணீராக இருந்திருந்தால் அதிலேயே உப்பு இருந்திருக்கும், இந்த வம்பு வந்திருக்காது என்றும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பெர்க்மான்ஸ் பக்கம் திரும்பினார்.

"இது ஒரு நல்ல யோசனை. ஆனால் ஒரு விளக்கைக்கூட வைக்காமல் இதை மட்டும் எப்படி நம்பினீர்கள்?"

பெர்க்மான்ஸ் மாதாவின் கிரீடத்தைத் திருகி மூடினார். அவர் சொன்னதும் ஆங்கிலம்தான்.

"உப்பு இல்லாத ஒரு இடம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, மேடம்."

பிறகு வசுந்தரா, சரியான விஞ்ஞானி செய்ய வேண்டியதைச் செய்தார். வேலை செய்தது உப்பா, வேறு ஏதாவதா என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார். கம்பிகளை மறுபடி துடைக்கச் சொன்னார். தீர்த்தத்துக்குப் பதில் வெறும் தூய நீரைத் தொட்டு வைத்தார்கள்: தங்கம். கேன்டீனுக்கு ஆள் அனுப்பி ஒரு பாக்கெட் உப்பு வாங்கிவரச் சொல்லி, ஒரு சிட்டிகை கரைத்துக் கம்பியில் வைத்தார்கள்: சோடியம், ஈயம். வேறொரு குப்பி, வேறொரு அளவு: சோடியம், ஈயம், அளவும் சரி.

உப்புதான், வேறு எதுவும் இல்லை. நாசரேத்து ஜெயித்தது. நான் பெர்க்மான்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

வசுந்தரா குறித்துக்கொள்வதற்காக உப்பு பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். என்ன கலந்திருக்கிறது, எங்கே செய்தது. படித்தவர் நிறுத்தினார். பாக்கெட்டைப் பெர்க்மான்ஸ் கையில் கொடுத்தார்.

"உங்கள் ஊர்," என்றார். "எங்கள் சமையலறை வரைக்கும் வந்திருக்கிறது."

பெர்க்மான்ஸ் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தூத்துக்குடி என்று போட்டிருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தபடி நின்றார். அவர் அழுதார். தொப்பியும் முகக்கவசமும் இருந்ததால் கொஞ்சம்தான் தெரிந்தது. என் தொப்பிக்கும் கவசத்துக்கும் நடுவே தெரிந்தது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

குழு லூசியாவைத் தேர்ந்தெடுத்தது, இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, ஒவ்வொரு கருவியோடும் ஒரு சின்னப் பாக்கெட் உப்பு வைத்து அனுப்ப வேண்டும். இரண்டு, சோடியம் கிடைக்காவிட்டால் தங்கம் என்று சொல்லாமல் "தெரியவில்லை" என்று சொல்ல அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. எங்கள் துறையில் யாரும் அதற்குப் பழகியிருக்கவில்லை.

வரிசையில்

அறை நிலைத்தது. பெர்க்மான்ஸ் ஓய்வு பெற்ற மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து கதவைத் திறந்தார். இப்போது மாப்பிள்ளையூரணியில் ஒரு பட்டறையில் பெட்டிகள் தயாராகின்றன, எல்லாம் நீலம், எல்லாம் முன்பக்கம் கூர். பல ஊர்க் கல்லூரிகளுக்குப் போயிருக்கின்றன. உப்புப் பொட்டலம் கட்டுவது என் வேலை. கட்டிய பொட்டலங்களை அனுப்புவதற்கு முன் பெர்க்மான்ஸ் கோயிலுக்கு எடுத்துப் போய் மந்திரித்துக் கொண்டுவருவார்.

அது தேவையில்லை என்று மலைமேல் மூன்று சோதனையில் நிரூபித்தாகிவிட்டது என்று நான் சொல்லியிருக்கிறேன். "கெடுதலும் இல்லன்னு அதே சோதனைல நிரூபிச்சாச்சுல்லா," என்பார்.

போன மாதம் பெர்க்மான்ஸுக்குக் கண்புரை அறுவை. பச்சைத் துணியைக் கண்ணில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெட்டி மறுநாள் லாரியில் போக வேண்டும். பார்க்கப் போன என்னிடம் அவரே சொன்னார்.

"இந்தத் தடவ சும்மாவே அனுப்பிருங்கக்கா. உப்புதான வேல செய்யுது."

"அதான," என்றேன்.

வீட்டுக்கு வந்து பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். மூடினேன். திறந்து வெளியே எடுத்தேன். சோதனை முடிவுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் அது வெறும் பொட்டலமாக எனக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் அப்படித் தெரிந்ததில்லை.

மாலையில் கோயில் வாசலில் மந்திரிக்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு படகு எஞ்சின், அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். பின்னால் புது மோட்டார் சைக்கிளோடு ஒரு தம்பதி. நடுவில் உப்புப் பொட்டலத்தோடு ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை. தெரிந்தவர்கள் யாரும் பார்க்கக் கூடாதே என்று ஜெபித்தேன், அதுவும் எங்கள் சபை முறைப்படி.

என் முறை வந்தது. ஃபாதர் இளைஞர், ஊருக்குப் புதிது.

"அம்மா நம்ம பங்குக் கோயிலா?"

"இல்ல ஃபாதர், நாசரேத்து."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். உப்பு. என்னைப் பார்த்தார்.

"என்ன வேண்டுதல்மா?"

"வேண்டுதல் இல்ல ஃபாதர். கேலிப்ரேஷன்."

ஃபாதர் ஒரு கணம் யோசித்தார். பிறகு தீர்த்தத்தைப் பொட்டலத்தின் மேல் தெளித்தார். என் மேலும் கொஞ்சம் தெளித்தார்.